நோக்கத்துக்கு மேல படர்ந்த கொடி

நீங்க குழுவுல போடுற செய்தி எல்லாத்தையும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சின்னவங்க பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல நாம எதுக்கு மூக்கை நுழைக்கணும்னு சும்மா இருந்தேன். ஆனா மூணு வாரமா ஒரே ஒரு பத்திக்காக அடிச்சுக்கிறீங்க. நம்ம ஓவியச் செயலியோட நோக்கம் என்ன? எல்லாருக்கும் இலவசம், மூலநிரலை யாரும் திறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். அது வரைக்கும் ஒத்துக்கிட்டீங்க. அதுக்கு மேல ஒருத்தர் ஓவியர்களுக்கு மட்டும்தான்ங்கிறார். இன்னொருத்தர் புகைப்படமும் திருத்தணும்ங்கிறார். மூணாவது ஆளு பள்ளிக்கூடப் பிள்ளைங்களை விட்டுட்டீங்கன்னு கோவிச்சுக்கிட்டு குழுவை விட்டே போயிட்டார். கடைசியில, "ஸ்டெல்லா அக்கா ஒரு பத்தி எழுதிக் குடுத்துடட்டும் லா, அவங்கதான் மூத்தவங்க"ன்னு என் தலையில கட்டிட்டீங்க.

எழுதுறேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் செஞ்ச கூத்தைக் கேட்டுக்குங்க. ஒரு நிரலுக்கு நோக்கம் எழுதப் போய், அந்த நிரலையே முடக்கி, ஒரு பொண்ணோட பொழப்பையும் அதுல கிட்டத்தட்டக் கவுத்தவ நான்.

எண்பதுகளோட நடுப்பகுதி அது. ஈப்போவுல ஒரு கோப்பிக் கடைக்கு மேல்மாடியில நடந்த கம்ப்யூட்டர் வகுப்புல நான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு மெஷின். திரைக்குப் பதிலா பழைய டிவி. மத்தியானம் ஆனா கீழேருந்து கோப்பிக்கொட்டை வறுக்கிற புகை ஏறி வந்து எல்லாரும் இருமுவோம். அங்க உக்காந்துதான் "வெள்ளைத்தாள்"னு ஒரு நிரல் எழுதினேன். ஓட விட்டா திரை முழுக்க வெள்ளை. ஜாய்ஸ்டிக்கை அசைச்சா கோடு வரும். வட்டம் போடச் சொன்னா முட்டை வரும். அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம்.

அதை விக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நிரலோட வரியெல்லாம் அச்செடுத்து, ஃபோட்டோகாப்பி போட்டு, மாடிப்படி ஓரத்துல ஒரு பிஸ்கட் டின்ல வெச்சேன். வேணும்கிறவங்க எடுத்துக்கிட்டுப் போய் தங்க மெஷின்ல தட்டிக்கலாம். எதையாச்சும் மாத்தினா மாத்தின தாளைத் திரும்ப டின்ல கொண்டு வந்து போடணும். அது ஒண்ணுதான் விதி. இதுக்கு இன்னிக்கு நீங்க பெரிய பேரெல்லாம் வெச்சிருக்கீங்க. எங்களுக்கு அது பிஸ்கட் டின்.

ஒரு ஞாயித்துக்கிழமை சரசு படியேறி வந்தா. காம்பார் பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல மரம் வெட்டுறவ, அதாவது பால் இறங்கப் பட்டையைச் சீவுறவ. முப்பது வயசு இருக்கும். சொந்தக்காரப் பையனுக்கு வகுப்புல சேர ஃபாரம் வாங்க வந்தவ, திரையில இருந்த வெள்ளையைப் பாத்துட்டு நின்னுட்டா.

"அக்கா, இதுல வரையலாமா?"

"வரையத்தான் வெச்சிருக்கு. உக்காரு."

ஜாய்ஸ்டிக்கைப் புடிச்சா. மரத்துப் பட்டையில கத்தியை இறக்கிப் பழகின மணிக்கட்டு. நாங்க எல்லாம் கோணல் மாணலா இழுத்துக்கிட்டு இருந்த கோட்டை, அவ ஒரே இழுப்புல வளைச்சா. முதல்ல நாப்பத்தேழுன்னு ஒரு எண். அப்புறம் அந்த எண்ணைச் சுத்தி ஒரு கொடி, ரெண்டு இலை, ஒரு மொட்டு. என்னடி இதுன்னு கேட்டேன். தோட்டத்துல மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டுல நிரை எண் போடுறது அவ வேலையாம். சும்மா எண் மட்டும் போட மனசு வராம ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொடி போட்டிருக்கா. "எண்ணு போடச் சொன்னா கல்யாணப் பத்திரிகை அடிக்கிறியா"ன்னு கங்காணி வைவாராம். சொல்லிட்டு அவளே சிரிச்சா.

அந்த எஸ்டேட்டை வித்துட்டாங்க. மரத்தை எல்லாம் சாய்ச்சுட்டு வீட்டுமனை போடப் போறாங்கன்னும், அடுத்த வருஷ நடுவுக்குள்ள தோட்டத்துல குடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னும் சொல்லிட்டாங்க. வீட்டுல அவளும் அவ அம்மாவும் மட்டும்தான். அந்த நேரத்துல ஈப்போவுல மெழுகு போட்டுச் சாயம் ஏத்துற ஒரு பாத்தேக் துணித் தொழிற்சாலையில, கம்ப்யூட்டர்ல துணி ஓரம் வரைய ஒரு ஆள் தேடினாங்க. வேலை கிடைச்சா கூடவே ஒரு குவாட்டர்ஸ் வீடு. தொழிற்சாலைக்கு மெஷின் வந்துடுச்சு, வரையற நிரல்தான் வரல. "நிரலை நீங்களே கொண்டு வாங்க, பொங்கல் முடிஞ்சதும் சோதனை"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த வேலை கிடைச்சா வீடு. கிடைக்கலன்னா அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் தஞ்சோங் மாலிமுக்குப் போய், ஏற்கெனவே ஏழு பேரு படுக்கிற தம்பி வீட்டுல எட்டாவது ஒன்பதாவதாப் படுக்கணும். அதனால ஞாயித்துக்கிழமை தவறாம முதல் பஸ் ஏறி வந்துடுவா.

இந்தச் சமயத்துலதான் கிராணியார் வந்தார்.

எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவை நாங்க கிராணின்னு கூப்பிடுவோம். இவர் நாப்பது வருஷம் கிராணியா இருந்து ரிட்டையர் ஆனவர். கோயில் கமிட்டி, பந்துக் குழு, மரண சகாயச் சங்கம், எல்லாத்துக்கும் அவர்தான் தலைவர். கோப்பி குடிக்க வந்தவர் பிஸ்கட் டின்னைப் பாத்துட்டார். மேல ஏறி வந்து, மூச்சு வாங்க நின்னு கேட்டார்:

"ஸ்டெல்லா, இதுக்கு யாரு தலைவர்?"

"யாரும் இல்ல ஐயா."

"செயலாளர்?"

"அதுவும் இல்ல."

"தலைவர் இல்லாம ஒரு பொருள் எப்படிம்மா புழக்கத்துல இருக்கு?" நெசமாவே மிரண்டு போயிட்டார். வெளியூர்லேருந்து தனியா வந்து நிக்கிற பிள்ளையைப் பாக்கிற மாதிரி அந்த டின்னைப் பாத்தார்.

நம்மாளுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? நாலு பேரு சேந்து பசியாறப் போனாக்கூட ஒரு கமிட்டி போட்டுட்டுத்தான் போவோம். அடுத்த வாரமே "வெள்ளைத்தாள் நிர்வாகக் குழு" உருவாயிடுச்சு. பதினோரு பேரு. எழுதினவ நான், குழுவுல நான் இல்ல. லெட்டர்ஹெட்டோட அடியில "தொழில்நுட்ப உதவி: செல்வி ஸ்டெல்லா (உறுப்பினர் அல்லர்)"னு போட்டாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா அச்சடிச்ச தாள்ல என் பேரைப் பாத்ததும் கொஞ்சம் குளிர்ந்தும் போச்சு. அதை மறைச்சு என்ன ஆகப் போகுது?

கோயில் மண்டபத்துல கூட்டம் எப்படித் தொடங்கும் தெரியுமா? பெரட்டு எடுத்து. காலையில தோட்டத்துல ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சு பேரு கூப்பிடுவாங்களே, அதேதான். கிராணியார், ஆளுங்க வந்தாங்களான்னு குறிக்கிற பழைய செக்ரோல் புத்தகத்தைத் திறப்பார். பதினோரு பேரும் எதிர்ல உக்காந்திருப்பாங்க, அவருக்கு எல்லாரையும் நல்லாவே தெரியும். இருந்தாலும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, "இருக்கேன்"னு சொல்ல வெச்சு, குறி போட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. என் பேரு அதுல கிடையாது. நான் சுவர் ஓரமா நின்னு, வகுப்புலேருந்து தூக்கிக்கிட்டு வந்த மெஷினைப் பாத்துக்கணும்.

முதல் கூட்டத்துல நோக்கம் என்னன்னு கேட்டாங்க. "படம் வரைய"ன்னேன்.

எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. "அவ்வளவுதானா?"ன்னு கேட்டார் வாத்தியார். இவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், குழுவோட செயலாளர். "இத்தனை பெரிய குழு வெச்சுக்கிட்டு இப்படி ரெண்டு சொல்லோட நிறுத்தினா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

அப்புறம் ஆரம்பிச்சுது. கோயில்காரங்க திருவிழா நோட்டீஸைச் சேக்கச் சொன்னாங்க. பந்துக் குழு ஆட்ட அட்டவணையைச் சேக்கச் சொன்னாங்க. மரண சகாயக்காரர், "சாவு அறிவிப்புக்கு உதவாத பொருள் சமூகத்துக்கு எதுக்கு?"ன்னு மேசையைத் தட்டினார். நாலாவது கூட்டத்துல ஒருத்தர், வரைய விருப்பமில்லாதவங்க மனசு புண்படக் கூடாதுன்னார். ஏகமனதா நிறைவேத்தினாங்க. ஏழாவது கூட்டத்துல, "படம்னு போட்டா போட்டோ கடைன்னு நெனச்சுடுவாங்க"ன்னு சொல்லி, படம்ங்கிற சொல்லையே எடுத்துட்டாங்க. கடைசியில வந்தது இது. இன்னும் மனப்பாடமா இருக்கு:

"பேராக் மாநிலத் தமிழ் மக்களின் கலை, கல்வி, சமய, விளையாட்டு, மரண சகாய மற்றும் இதர முன்னேற்றங்களை முன்னிட்டு, இன மத பேதமின்றி, தோட்டப்புறம் நகர்ப்புறம் ஆகிய இருபுற மக்களும் விரும்பினால் வரையவும், விரும்பாவிடில் வரையாதிருக்கவும், எக்காலத்தும் ஆவன செய்தலே இதன் நோக்கமாகும்."

இதை நிரல் தொடங்கின உடனே திரையில காட்டணும்னு தீர்மானம். மேல தமிழ்ல, அதுக்கு அடியில மலாய், இங்கிலீஷ். மத்த ரெண்டும் தட்டிடலாம். தமிழுக்கு அந்த மெஷின்ல எழுத்தே கிடையாதே! ஒவ்வொரு எழுத்தையும் படமாத்தான் வரையணும். யாரு வரையறது? ஜாய்ஸ்டிக்ல கை ஓடுற ஒரே ஆளு சரசு.

வேலைக்குப் பூவும் கொடியும் வரைஞ்சு பழக வந்தவ, ஞாயிறு ஞாயிறா உக்காந்து நோக்கத்தை வரைஞ்சா. ஒரு நாளைக்கு ஒரு வரி. "மரண சகாய" முடிக்கவே ரெண்டு வாரம் போச்சு. வாத்தியார் பின்னால நின்னுக்கிட்டு கொம்பு சரியில்ல, சுழி பத்தலன்னு திருத்துவார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அடியே, நீ பூ வரைஞ்சு பழகு. இந்த எழவை வேற யாராச்சும் போடட்டும்"னேன்.

"இருக்கட்டும்க்கா. ழ போடுறது கொடி போடுற மாதிரிதான் இருக்கு"ன்னா. அவளுக்குக் கோவமே வராது. அதுக்கும் சேத்து எனக்கு வரும்.

இதுக்கு நடுவுல நான் மூணு தப்பு செஞ்சேன். காதைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க, இதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

நோக்கத்தை யாரும் நீக்க முடியாதபடி பூட்டுப் போடச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டுச்சு. ஒரு புள்ளி குறைஞ்சாலும் நிரல் ஓடக் கூடாதாம். நான் வீம்புக்கு, "பூட்டுதானே? போடுறேன் பாரு"ன்னு பதினாலு இடத்துல போட்டேன். எந்தெந்த இடம்னு குறிச்சு வெக்கல. அது ஒண்ணு.

ரெண்டாவது, புதுப் பதிப்பை எங்க வகுப்பு மெஷின்ல மட்டும் ஓட்டிப் பாத்தேன். எங்க மெஷின்ல நினைவகம் கூடுதல். மத்த மெஷின்ல அதுல பாதிதான் இருக்கும்ங்கிறது எனக்குத் தெரியாமலா? தெரியும். பொங்கல் பரபரப்புல விட்டுட்டேன்.

மூணாவது போகி. பொங்கலுக்கு முதல் நாள் பழசை எல்லாம் கொளுத்துவோம் இல்லையா? வாத்தியாருக்கு ஒரு யோசனை உதிச்சுது. நோக்கமில்லாத பழைய பிரதிகள் எல்லாத்தையும் போகியில போட்டுட்டு, பொங்கலன்னிக்கு நோக்கத்தோட புதுப் பதிப்பை வெளியிடலாம்னார். மண்டபத்துக்குப் பின்னால நெருப்பு மூட்டினாங்க. பிஸ்கட் டின்ல இருந்த தாள் எல்லாம் போச்சு. ஆளுங்க வீட்டுலேருந்து கொண்டு வந்த கேசட், டிஸ்க், எல்லாம் போச்சு. பிளாஸ்டிக் கருகுற நாத்தத்துல கிராணியார் மூக்கைப் பொத்திக்கிட்டே சூடம் காட்டினார். "உங்கிட்ட ஏதாச்சும் பாக்கி இருக்கா?"ன்னு என்னைக் கேட்டாங்க. என் பையில ஒரு பழைய டிஸ்க் இருந்துச்சு. கொண்டு போய் வீட்டுல வெச்சிருக்கலாம். எல்லாத்தையும் கொளுத்துறீங்களே, இதையும் சேத்துக் கொளுத்துங்கடான்னு கோவத்துல நானே நெருப்புல எறிஞ்சேன். நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கு என்னத்துக்குப் போகி?

பொங்கல் முடிஞ்ச ரெண்டாவது வாரம் சோதனை. தொழிற்சாலை மேனேஜர் ஒரு சீனத்து அம்மா. ஐம்பது வயசு இருக்கும், அனாவசியமா ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. "அரை மணி நேரம். துணிக்கு ஒரு ஓரம் வரையணும். நான் ரெண்டு மணிக்குக் கிளம்பணும்"னு மலாயில சொன்னாங்க. சரசு அம்மாவோட பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு வந்திருந்தா. அவ கூட நான். எங்களுக்குப் பின்னால, யாரும் கூப்பிடாமலே, ஜிப்பா போட்டுக்கிட்டு கிராணியாரும் வாத்தியாரும். கிராணியார் கையில ஒரு ரோஜா மாலை.

டிஸ்கைப் போட்டேன். நோக்கம் வர ஆரம்பிச்சுது. அந்த மெஷின் மெதுவானது, ஒவ்வொரு எழுத்தா வருது. "பேராக் மாநிலத்" வந்த உடனே கிராணியார் எந்திரிச்சு விறைப்பா நின்னார். வாத்தியாரும் நின்னார். மேனேஜர் அம்மா ரெண்டு பேரையும் பாத்துட்டு, ஏதோ நம்மாளுங்க வழக்கம்னு நெனச்சு, பாவம், அவங்களும் நின்னாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? நானும் நின்னேன், சரசுவும் நின்னா. நாலு நிமிஷம். ஒரு துணித் தொழிற்சாலையில அஞ்சு பேரு ஒரு டிவி பெட்டிக்கு மரியாதை செலுத்திக்கிட்டு நின்னோம்.

நோக்கம் முடிஞ்சுது. அடுத்து வெள்ளைத் தாள் வரணும். வரல. திரையோட அடியில ஒரு வரி வந்துச்சு: புதிய தாள் திறக்க இடமில்லை.

அப்பதான் எனக்கு உறைச்சுது. பாதி நினைவகம். அந்தப் பாதியையும் நோக்கமே தின்னுட்டுது. வரைய மிச்சம் இடமே இல்ல. அணைச்சுட்டு மறுபடி போட்டேன். மறுபடி நாலு நிமிஷம், மறுபடி எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். மறுபடி இடமில்லை.

"சூசாவா?"ன்னு மேனேஜர் அம்மா கடிகாரத்தைப் பாத்தாங்க. சிரமமான்னு கேக்கிறாங்க. சிரமமா? பதினாலு பூட்டு! நோக்கத்தை எடுத்தா நிரல் ஓடாது, பூட்டை உடைக்க ஒரு நாள் வேணும். பழைய பிரதி சாம்பலா கிடக்கு. சரசு மூஞ்சியைப் பாக்க எனக்குத் துணிச்சல் வரல. அவ வீடு, அவ அம்மா, எல்லாம் என் வீம்புல போகப் போகுது. ஆண்டவரே, இந்த ஒரு தடவைன்னு வேண்டிக்கிட்டேன்.

சரசு திரையையே பாத்துக்கிட்டு இருந்தா. "அக்கா, புதுத் தாள் எதுக்கு? இது மேலயே வரையலாமே. இதுல ஏகப்பட்ட கொடி இருக்கு."

எனக்கு ஒரு நொடி புரியல. அப்புறம் புரிஞ்சுது. பூட்டு நோக்கத்தோட புள்ளியை எண்ணிப் பாக்கிறது தொடக்கத்துல ஒரே தடவைதான். அதுக்குப் பிறகு புதுத் தாள் திறக்கச் சொல்ற அந்த ஒரு வரியை எடுத்துட்டா, திரையில நோக்கம் அப்படியே நிக்கும், தூரிகை அதுக்கு மேல ஓடும். ஒரே ஒரு வரி. ஆனா நோக்கம் அழியும். திரும்பிக் கிராணியாரைப் பாத்தேன். மனுஷனுக்கு விஷயம் பிடிபட்டுடுச்சு.

"ஸ்டெல்லா, அது தீர்மானம்மா"ன்னார்.

"தெரியும் ஐயா"ன்னேன். வரியை எடுத்தேன்.

மூணாவது தடவையா எந்திரிச்சு நின்னோம். நோக்கம் முழுசா வந்துச்சு. மிச்சம் இருந்தது பதினஞ்சு நிமிஷம். சரசு ஜாய்ஸ்டிக்கைப் புடிச்சு, "தமிழ்"ல இருந்த ழ-வோட அடிச் சுழியிலேருந்து ஒரு கொடியை இழுத்தா. அது "கலை"யைச் சுத்தி, "கல்வி"க்குள்ள புகுந்து வெளிய வந்துச்சு. வாத்தியார் திருத்தித் திருத்திப் போட வெச்ச கொம்பெல்லாம் மாங்கா ஆச்சு. சுழியெல்லாம் மொட்டு. அவளுக்கு அந்த எழுத்தோட ஒவ்வொரு வளைவும் தெரியும், வாரக் கணக்கா அவளே போட்டது. ஒண்ணைக்கூட முழுசா அழிக்கல. ஒவ்வொண்ணையும் இன்னொண்ணா ஆக்கிக்கிட்டே போனா.

பின்னால கிராணியார் ஒப்பாரி வெக்கிறார். "ஐயோ, இன மத பேதமின்றி போச்சே! வாத்தியாரே, மரண சகாயத்துல பூ பூக்குதே! யம்மா சரசு, அந்த 'இதர'வையாச்சும் விட்டுடும்மா!"

அந்த இதர மேல பெரிய இலை ஒண்ணு விழுந்துச்சு.

"இவர் என்ன சொல்றார்?"னு மேனேஜர் அம்மா என்னைக் கேட்டாங்க.

"ரொம்பப் பிரமாதம்ங்கிறார்"னேன்.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில சரசு கையை எடுத்தா. மேனேஜர் அம்மா திரைக்கிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. எத்தனையோ பேரு கொடி வரைஞ்சு கொண்டு வந்தாங்க, எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே மாதிரி இருந்துச்சு, இதுல ஒரு வளைவு மாதிரி இன்னொரு வளைவு இல்லைன்னாங்க. எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டாங்க. சரசு யோசிச்சு, "மரத்துல"ன்னா. "போலே லா, சரிதான். திங்கக்கிழமை வந்துடு. வீட்டுச் சாவியை ஆபீஸ்ல வாங்கிக்க"ன்னாங்க.

நான் அங்கயே அழுதுட்டேன், வெக்கம் கெட்டு. சரசு அழல. பட்டுச்சேலைத் தலைப்பால என் மூஞ்சியைத் துடைச்சு விட்டா. கிராணியார் வந்தார். மூஞ்சி கல்லா இருந்துச்சு. கொண்டு வந்த மாலையை அவ கழுத்துல போட்டு, "நல்லா இரும்மா"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வந்துடு. விசாரணை"ன்னார்.

விசாரணையில என்னைக் குழுவை விட்டு நீக்கணும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அப்பதான் ஒருத்தர் சொன்னார், "அவங்க குழுவுலயே இல்லையே." பெரிய சிக்கல். இல்லாத ஆளை எப்படி நீக்குறது? அரை மணி நேரம் யோசிச்சாங்க. முதல் தீர்மானமா என்னை உறுப்பினராச் சேத்தாங்க, கை தட்டினாங்க, வாத்தியார் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசினார். ரெண்டாவது தீர்மானமா என்னை நீக்கினாங்க. நடுவுல ஏழு நிமிஷம் நான் உறுப்பினர். சிரிப்பை அடக்க முடியாம நான் வெடிச்சுட்டேன், அதையும் நடவடிக்கைக் குறிப்புல எழுதிக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போயிடுச்சு. நான் எழுதின நிரல், நான் வெச்ச பிஸ்கட் டின். அந்த மண்டபத்துல என் பேருக்கு இடமில்லைன்னதும் உள்ளுக்குள்ள வலிச்சுது. பொய் சொல்லல.

பத்து நாள் கழிச்சு நீக்கல் கடிதம் தபால்ல வந்துச்சு. கிராணியார் எந்தக் கடிதத்தையும் ஓரம் போடாம அனுப்ப மாட்டார், மொட்டைக் கடிதாசி மாதிரி இருக்குமாம். அதனால வாத்தியார் தட்டச்சு செஞ்சு, கிராணியார் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஓரம் போடச் சொல்லித் தொழிற்சாலைக்கே அனுப்பியிருக்காங்க. "பிரிண்டர்ல விட்டு நல்லா ஒரு ஓரம் போட்டு, அப்படியே தபால்ல சேத்துடு சரசு." அவங்க கணக்குல ஓரம் வரையறவ ஓரத்துலதான் வரைவா.

கடிதத்தைப் பிரிச்சேன். நாலு பக்கமும் கொடி, மாங்கா, மொட்டு. வலது பக்கத்துக் கொடி ஓரத்தோட நிக்காம உள்ள படர்ந்து வந்திருந்துச்சு. கடைசி வரி மேல ரெண்டு அடர்ந்த இலை. வாத்தியார் அடிச்சது, "இன்று முதல் செல்வி ஸ்டெல்லா இக்குழுவின் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறார்." இலைக்கு வெளிய மிச்சம் இருந்தது, "இன்று முதல் செல்வி ஸ்டெல்லா இக்குழுவின் உறுப்பினர்."

இப்ப நீங்க கேட்ட பத்திக்கு வாரேன். சின்னதா எழுதுங்க. யாரையும் விட்டுடக் கூடாதுன்னு எல்லாரையும் அதுல ஏத்தாதீங்க, ஏறினவங்க இறங்க மாட்டாங்க. பூட்டுப் போடாதீங்க. பழைய பிரதியைக் கொளுத்தாதீங்க, எவ்வளவு கோவம் வந்தாலும். நீங்க எதுக்குன்னு எழுதி வெச்சாலும், வரைய வர்றவ அது மேலதான் வரையப் போறா. அவளுக்கு இடம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. என்னோட பத்தி இதுதான்: "படம் வரைய." முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுல சேக்க எனக்கு ஒண்ணும் கிடைக்கல.

கடிதம் வந்ததுக்கு அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கிட்டு மண்டபத்துக்குப் போனேன். எதுக்கு வந்தேன்னு கேட்டார் வாத்தியார். கடிதத்தைக் கிராணியார்கிட்ட நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ஒரு தடவை படிச்சார். மறுபடி படிச்சார். கட்டை விரலால அந்த இலையைத் தடவிப் பாத்தார். நிமிந்து, வேடிக்கை பாக்க வந்து பின்னால உக்காந்திருந்த சரசு பக்கம் பாத்தார். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"நான் அடிச்சது இப்படி இல்லையே!"ன்னு வாத்தியார் கத்தினார்.

"வாத்தியாரே, நீங்க அடிச்சது உங்க மனசுல இருக்கு. கையெழுத்து என்னுது, முத்திரை நம்மளுது, பேப்பர்ல இருக்கிறதுதான் பேப்பர்"னார் கிராணியார். நாப்பது வருஷம் அப்படித்தான் வேலை பாத்தவர். சிரிக்கிறாரா இல்லையான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல.

செக்ரோல் புத்தகத்தைத் திறந்தார். பதினோராவது பேருக்கு அடியில பேனாவால மெதுவா எழுதினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கிட்டு, ஒண்ணுலேருந்து பெரட்டு எடுக்க ஆரம்பிச்சார். நான் சுவர் ஓரத்துலேருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். பதினோரு பேரும் இருக்கேன்னு சொல்லி முடிச்சாங்க.

"ஸ்டெல்லா!"

"இருக்கேன்"னேன்.